ஜன்னல் ஓரத்துக் குளிர்காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலம் தொடங்கியதும் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஜன்னலைப் பற்றித்தான். பல வீடுகளில் ஏறி இறங்கிப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, பெரும்பாலானவர்கள் முதலில் டேப் வாங்கி ஒட்டிவிட்டு அப்புறம்தான் காற்று எங்கே வருகிறது என்று தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் பாதி செலவு மிச்சம், பாதி வேலையும் மிச்சம். அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஜன்னலை இறுக்கிச் சாத்திக் கொண்டியும் போட்டாச்சு. அப்படியும் பக்கத்தில் உட்கார்ந்தால் சில்லென்று காற்று படுகிறது. எங்கிருந்து வருகிறது?

இரண்டில் ஒன்று. முதலாவது, நிஜமாகவே ஏதோ ஓர் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. இரண்டாவது பலருக்குத் தெரியாதது: ஓர் ஊசிமுனை இடைவெளிகூட இல்லாத ஜன்னலும் குளிர்காற்று வீசும். வெளியே 0 டிகிரி, அறைக்குள் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி போட்ட ஜன்னலில் கண்ணாடியின் உள்பக்கம் சுமார் 5 டிகிரிதான் இருக்கும். அதைத் தொடும் அறைக்காற்று குளிர்ந்து கனமாகி, கண்ணாடியை ஒட்டியே கீழே இறங்கி, ஜன்னல் திட்டிலிருந்து வழிந்து, தரையோடு ஊர்ந்து உங்கள் காலுக்கு வந்து சேரும். அது வெளிக்காற்று இல்லை, உங்கள் அறையின் காற்றேதான். போதாததற்கு, குளிர்ந்த கண்ணாடி பக்கத்தில் இருந்தால் உடம்பின் சூடும் அதை நோக்கிக் கதிர்வீச்சாகப் போய்விடும், அதனால் காற்றே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கத்துத் தோள் மட்டும் குளிரும்.

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் முதலாவதற்கு இடுக்கை அடைக்க வேண்டும், இரண்டாவதற்கு எவ்வளவு டேப் ஒட்டினாலும் பயன் இல்லை, கண்ணாடிக்கும் அறைக்கும் நடுவில் ஏதாவது தடுப்பு வேண்டும்.

எந்த இடத்தில் காற்று வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊதுபத்திதான் என் கருவி. காற்று பலமாக வீசுகிற, குளிரான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, சமையலறை அல்லது குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓட விடுங்கள். அது உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும்போது வெளிக்காற்று எல்லா இடுக்கிலும் வேகமாகப் புகும், சின்னக் கசிவும் தெரிந்துவிடும். வீட்டில் விறகு அடுப்போ புகைபோக்கி வைத்த ஹீட்டரோ எரிந்துகொண்டிருந்தால் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள், புகை திரும்பி வீட்டுக்குள் வரும்.

அப்புறம் திரைச்சீலையை நன்றாக ஒதுக்கிக் கட்டிவிட்டு, ஊதுபத்தியை ஜன்னலைச் சுற்றி மெதுவாக, மிக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் சரி. சட்டென்று அறைப் பக்கமாக மடிந்தால் அங்கே இடுக்கு. கண்ணாடியின் நடுவில் பிடிக்கும்போது புகை கீழே வழிந்தால் அது நான் முதலில் சொன்ன குளிர்ந்த கண்ணாடியின் வேலை. பார்க்க வேண்டிய இடங்கள்: ஜன்னல் கதவு சட்டத்தில் அமரும் நான்கு விளிம்புகள், இரண்டு கதவுகள் சேரும் நடுக்கோடு, கீல்கள், கொண்டியின் துளை, கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டை (பீடிங்), கடைசியாகச் சட்டமும் சுவரும் சேரும் இடம்.

இந்தக் கடைசி இடத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் அம்மாவின் கட்டில் ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது, இரண்டு வருடமாகக் காலையில் எழுந்தால் கழுத்து வலி என்பார். கதவு இடுக்குதான் காரணம் என்று நினைத்துச் சுற்றிலும் பஞ்சு டேப் ஒட்டியிருந்தோம். ஒரு நாள் ஊதுபத்தியோடு உட்கார்ந்தபோது கதவு விளிம்பில் புகை ஆடவே இல்லை. கையைக் கீழே இறக்கி, சட்டம் சுவரில் உட்காரும் கோட்டுக்கு வந்ததும் புகை கயிறு இழுத்ததுபோல அப்படியே கட்டிலைப் பார்த்து வளைந்தது. பூச்சு காய்ந்து சுருங்கி, ஒரு தபால் அட்டை நுழையும் அளவுக்கு விரிசல், பெயிண்ட் நிழலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. இடுக்கை நிரப்பும் பசையான சீலண்ட் ஒரு டியூபில் முடிந்த வேலை அது.

ஊதுபத்தி வேண்டாம் என்றால் புறங்கையை ஈரமாக்கிக்கொண்டு தடவிப் பாருங்கள், காற்று படும் இடம் உடனே சில்லிடும். கதவு சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு தாள் போதும்: விளிம்பில் தாளை வைத்துச் சாத்திவிட்டு இழுங்கள். தடையே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் கதவு அழுந்தவில்லை.

மயிரிழை மாதிரி இடுக்குதானே, அதைப் போய் அடைக்க வேண்டுமா?

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் அகல ஜன்னல் கதவின் அடியில் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் மொத்தம் 30 சதுர சென்டிமீட்டர். சுவரில் 6 செ.மீ. அகலத்தில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டதற்குச் சமம். அப்படி ஓர் ஓட்டை இருந்தால் அன்றைக்கே அடைத்திருப்போம்.

வெளியே காற்றே இல்லாத இரவிலும் உள்ளே குளிர் புகுகிறதே?

வீடே ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. சூடான காற்று மேலே ஏறி, மாடி ஜன்னல், கூரை இடுக்கு, மாடிப்படிக் கதவு என்று கிடைத்த வழியில் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாகக் கீழ்த்தளத்து இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று உறிஞ்சப்படும். வெளிக்கும் உள்ளுக்கும் வெப்ப வித்தியாசம் கூடக் கூட இழுப்பும் கூடும். ஆகவே கீழ் அறை குளிர்கிறது என்றால் மாடியையும் ஒரு தடவை பாருங்கள். மேலே அடைத்தால் கீழே இழுப்பு குறையும்.

சரி, இடுக்கைக் கண்டுபிடித்தாச்சு. எதை வைத்து அடைப்பது?

கடையில் பத்து வகை இருக்கும், குழம்பிப் போவீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடுக்கு அசைகிறதா, அசையவில்லையா?

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது, திறக்கவே திறக்காத கண்ணாடியின் ஓரம், இதெல்லாம் அசையாத இடுக்குகள். இவற்றுக்குப் பசை போன்ற சீலண்ட். உள்பக்கம், பெயிண்ட் அடிக்க வேண்டிய இடம் என்றால் அக்ரிலிக். மழை படும் வெளிப்பக்கத்துக்குச் சிலிக்கான், ஆனால் சாதாரணச் சிலிக்கான் மேல் பெயிண்ட் பிடிக்காது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள், ஒட்டிய பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு. 6 மி.மீ. வரையிலான இடைவெளியில் நேரடியாக நிரப்பலாம். அதைவிட அகலம் என்றால் முதலில் கயிறு போல வரும் பஞ்சு உருளையை உள்ளே திணித்துவிட்டு அதன் மேல் சீலண்ட் போடுங்கள், இல்லாவிட்டால் டியூப் டியூபாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும், காய்ந்ததும் நடுவில் பிளந்தும் விடும். விரல் நுழையும் அளவு ஓட்டைக்கு நுரை ஸ்ப்ரே, அதிலும் ஜன்னலுக்கென்றே வரும், குறைவாக உப்பும் வகையைத்தான் கேட்டு வாங்குங்கள். சாதாரண நுரை உப்புகிற வேகத்தில் சட்டத்தையே வளைத்துவிடும், அப்புறம் கதவு சாத்த வராது. இன்னொன்று, பெரும்பாலான சீலண்டுகள் 5 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. கடுங்குளிர் வரும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

கதவும் சட்டமும் சேரும் இடம் அசையும் இடுக்கு. அங்கே சீலண்ட் போட்டால் ஜன்னலே திறக்காது. அழுந்திக் கொடுத்து மறுபடி எழும்பும் பொருள் வேண்டும். பஞ்சு டேப் மலிவு, ஒட்டுவதும் சுலபம், ஆனால் ஓரிரு குளிர்காலத்தில் நொறுங்கிவிடும். ரப்பர் பீடிங் பல வருடம் நிற்கும். எத்தனை ஜன்னல் இருந்தாலும் அடிக்கடி திறக்கும் ஜன்னலுக்காவது ரப்பர் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

போன வருடம் ஒட்டிய டேப் ஒரே மாதத்தில் உரிந்து தொங்கியது. டேப் மோசமா?

பெரும்பாலும் டேப் மேல் குற்றமில்லை. பழைய பசை, தூசு, எண்ணெய்ப் பிசுக்கு மேலேயே ஒட்டினால் எந்த டேப்பும் நிற்காது. பழையதைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பிரிட் தொட்டு ஒரு முறை துடையுங்கள். சட்டம் தொட்டால் ஜில்லென்று இருக்கும்போதும் பசை பிடிக்காது, அறையைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, வெயில் ஏறிய மதிய வேளையில் ஒட்டுங்கள். ஒட்டும்போது டேப்பை இழுக்கக் கூடாது. இழுத்து ஒட்டினால் அது மெல்லச் சுருங்கி மூலையில் இடைவெளி விடும்.

அடுத்தது தடிமன். கண் அளவில் வாங்காதீர்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஓர் உருண்டையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தித் திறங்கள். தட்டையான களிமண்ணின் தடிமன்தான் உங்கள் இடைவெளி. மேலே, கீழே, கீல் பக்கம், கொண்டிப் பக்கம் என்று நான்கு இடத்திலும் பாருங்கள், ஒரே ஜன்னலில் 2 மி.மீ.யும் இருக்கும், 5 மி.மீ.யும் இருக்கும். அழுந்தினால் பாதியாகும் தடிமன் சரியானது. ரொம்பத் தடிமனாகப் போட்டுக் கொண்டியை அடித்துச் சாத்தினால் கீல் பக்கம் திருகிக்கொண்டு புது இடுக்கு வரும்.

ஒட்டும் இடமும் கவனம்: கதவு வந்து நேராக அழுத்துகிற முகத்தில் ஒட்டுங்கள். உரசிக்கொண்டு போகும் பக்கத்தில் ஒட்டினால் நாலு தடவை திறந்து மூடியதும் சுருண்டு வந்துவிடும்.

ஸ்லைடிங் ஜன்னலுக்கு என்ன வழி?

பஞ்சு டேப் வேண்டவே வேண்டாம், உரசிக் கிழிந்துவிடும். ஸ்லைடிங் ஜன்னலின் ஓரத்தில் ஒரு பள்ளத்துக்குள் மயிர்த் தூரிகை போல ஒரு பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். சில வருடத்தில் அந்த மயிர் தேய்ந்து படுத்துவிடும், காற்று வருவதற்கு அதுதான் காரணமாக இருக்கும். பழையதில் ஒரு விரற்கடை வெட்டிக் கையோடு கொண்டுபோய், அதே அகலத்திலும் அதைவிடக் கொஞ்சம் உயரமான மயிரிலும் கேட்டு வாங்கி, கதவைக் கழற்றிப் பள்ளத்தில் நுழைத்தால் போதும். கதவைக் கழற்றும்போது இரண்டு பேர் இருங்கள், கண்ணாடி நினைப்பதைவிடக் கனம். ஆனாலும் ஸ்லைடிங் ஜன்னல் என்றைக்கும் கீல் ஜன்னல் அளவுக்கு இறுகாது, அதன் அமைப்பு அப்படி.

சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அடைத்துவிடலாமா?

கூடாது. யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்), அலுமினிய ஜன்னல்களில் உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்த வடிகால் அது. அடைத்தால் தண்ணீர் தேங்கி வீட்டுக்குள் வழியும். ஊதுபத்திப் புகை அந்தப் பக்கம் ஆடினால் உள்பக்கத்து ரப்பர் பீடிங்கைப் பாருங்கள், அது சுருங்கியோ மூலையில் விலகியோ இருக்கும்.

யூபிவிசி ஜன்னல்தான், ரப்பரும் புதுசு. அப்படியும் தாள் சோதனையில் தாள் சும்மா வந்துவிடுகிறது.

கதவின் ஓரத்தில், கைப்பிடியைத் திருப்பும்போது மேலும் கீழும் நகரும் சின்ன உருளைகள் இருக்கும். பல ஜன்னல்களில் அவை மையம் விலகி அமைந்தவை. ஆலன் கீயாலோ ஸ்பானராலோ கொஞ்சம் திருப்பினால் கதவை ரப்பரோடு நெருக்கிப் பிடிக்கும். எல்லா உருளையையும் ஒரே அளவு திருப்புங்கள், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் தாளை வைத்துச் சோதியுங்கள். ஒரு பைசா செலவில்லாமல் குளிர் நின்றுபோன ஜன்னல்களை நான் பார்த்திருக்கிறேன். அடி மூலை மட்டும் தொங்கியிருந்தால் கீல் திருகுகளை இறுக்க வேண்டும்.

பழைய மர ஜன்னல். எல்லாப் பக்கமும் ஓட்டை. மாற்றிவிடச் சொல்கிறார்கள்.

அவசரப்படாதீர்கள். மரம் உளுத்துப் போகாமல் இருந்தால் அதைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றவும் வேண்டும் என்பது என் எண்ணம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் மக்கு காய்ந்து வெடித்திருந்தால் மெல்லப் பெயர்த்தெடுத்து, அந்த இடத்து மரத்தில் எண்ணெய்ப் பிரைமர் பூசி, புது மக்கு வையுங்கள். மக்கின் மேல் தோல் கட்டிய பிறகுதான் பெயிண்ட், அந்தப் பெயிண்டும் கண்ணாடி மேல் ஒரு நூல் அளவு ஏறி நிற்க வேண்டும், அப்போதுதான் ஈரம் உள்ளே இறங்காது. கதவு சரியாக அமராததற்குப் பல சமயம் காரணம் அடுக்கடுக்காக ஏறிய பழைய பெயிண்ட்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலே பாதி சரியாகும். தேய்க்கும் முன் ஒன்று, மிகப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசு கிளப்பாமல் ஈரமாக்கித் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கண்ணாடியில் பிளாஸ்டிக் ஃபிலிம், பபிள் ராப் ஒட்டுவதில் பலன் உண்டா?

உண்டு, ஒற்றைக் கண்ணாடி என்றால் நல்ல பலன். ஃபிலிமைக் கண்ணாடி மேல் ஒட்டக் கூடாது, சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கம் போய் மத்தளத்தோல் மாதிரி விறைத்துவிடும். கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் சிக்கிய அசையாத காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. இடைவெளி ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருந்தால் நல்லது, அதிகமானால் அந்தக் காற்றே உள்ளுக்குள் சுழலத் தொடங்கும்.

ஒட்டிய மறுநாள் காற்று வீசும்போது ஃபிலிமைப் பாருங்கள். மூச்சு விடுவது போல உப்பி உப்பி அடங்கினால் ஜன்னலில் இன்னும் இடுக்கு இருக்கிறது. ஃபிலிமைப் பிரித்து முதலில் அதைக் கவனியுங்கள்.

பபிள் ராப் என்றால் கண்ணாடியில் தண்ணீர் தெளித்துக் குமிழ்ப் பக்கத்தை ஒட்டினால் நிற்கும். வெளியே பார்க்க முடியாது, அதனால் ஸ்டோர் ரூமுக்கும் குளியலறைக்கும் சரி.

கனமான திரைச்சீலை போட்டாச்சு, வித்தியாசமே தெரியவில்லை.

திரை மேலே திறந்து, கீழே அந்தரத்தில் தொங்குகிறதா? அப்படியானால் அறையின் சூடான காற்று மேல்வழியாகத் திரைக்குப் பின்னே இறங்கி, கண்ணாடியில் குளிர்ந்து, கீழ்வழியாக மறுபடி அறைக்குள் கொட்டும். திரை ஜன்னல் திட்டிலோ தரையிலோ முட்டட்டும், இரண்டு பக்கமும் சுவரைத் தொடட்டும், மேலே ஒரு பலகையோ துணி மடிப்போ போட்டு மூடுங்கள். ஹீட்டர் ஜன்னலுக்கு அடியில் இருந்தால் திரை அதன் மேல் விழக் கூடாது. பகலில் வெயில் வரும் ஜன்னலில் திரையைத் திறந்து வையுங்கள்.

இடுக்கெல்லாம் அடைத்த பிறகு கண்ணாடி வியர்க்கத் தொடங்கிவிட்டதே?

முன்னால் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்த ஈரம் இப்போது உள்ளேயே இருக்கிறது. 20 டிகிரி சூட்டில் 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று சுமார் 9 டிகிரி பரப்பைத் தொட்டாலே தண்ணீர் விட்டுவிடும். ஒற்றைக் கண்ணாடி 5 டிகிரியில் இருக்கும்போது வியர்க்காமல் என்ன செய்யும்? சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், ஈரத்துணியை அறைக்குள் உலர்த்தாதீர்கள், காலையில் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள், பூஞ்சை வராது. தினம் ஐந்து பத்து நிமிடம் ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டு மூடினால் ஈரக்காற்று போய்விடும், சுவரின் சூடு அதற்குள் குறையாது.

இரட்டைக் கண்ணாடியின் இரண்டு தகட்டுக்கும் நடுவில் பனி படிந்தால் அது வேறு கதை, தகடுகளின் ஓரத்தைக் காற்றுப் புகாமல் மூடியிருக்கும் சீல் விட்டுப்போயிருக்கிறது. சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம், முழு ஜன்னலை மாற்றத் தேவையில்லை.

ஒரு இடுக்கு விடாமல் அடைத்தால் மூச்சு முட்டாதா?

சாதாரண வீட்டில் ஜன்னல் இடுக்கை அடைத்ததால் மட்டும் மூச்சு முட்டாது. ஆனால் வீட்டுக்குள் எதாவது எரிகிறது என்றால், அதாவது கேஸ் ஹீட்டர், விறகு அடுப்பு, கரி, மண்ணெண்ணெய் அடுப்பு, அங்கே பேச்சே வேறு. எரிவதற்குக் காற்று போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வருவதுபோல் இருப்பது எல்லாம் சாதாரணச் சோர்வு மாதிரிதான் தோன்றும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுவும் தெரியாது. அதனால் அந்த அறையின் காற்றுத் துவாரத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள், கரிச்சட்டியை எந்தக் காரணத்துக்காகவும் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். குளிரைத் தாங்கிக்கொள்ளலாம், இது உயிர் விஷயம்.

அதேபோல, தீப்பிடித்தால் வெளியேறக்கூடிய ஜன்னலைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடாதீர்கள்.

வாடகை வீடு. எதையும் நிரந்தரமாகச் செய்ய முடியாது.

உரித்தால் வந்துவிடும் கயிற்றுச் சீலண்ட் கிடைக்கிறது, களிமண் போல விரலால் அழுத்தி வைத்துவிட்டுக் குளிர்காலம் முடிந்ததும் எடுத்துவிடலாம். ஃபிலிமும் பஞ்சு டேப்பும்கூட அப்படித்தான், கழற்றும்போது ஹேர் டிரையரில் சூடு காட்டி மெதுவாக உரித்தால் பெயிண்ட் பெயராது. முதலில் ஒரு மூலையில் ஒட்டி உரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஜன்னல் போட்டே ஆக வேண்டிய நிலை எப்போது?

சட்டம் உளுத்தோ வளைந்தோ போய், எதை ஒட்டினாலும் கதவு அமராதபோது. சாதாரண இரட்டைக் கண்ணாடி, ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் சுமார் பாதி வெப்பத்தைத்தான் வெளியே விடும். ஆனால் எவ்வளவு நல்ல கண்ணாடி போட்டாலும் பொருத்துபவர் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒழுங்காக நிரப்பாவிட்டால் பழைய குளிர் அப்படியே இருக்கும். மேல்பூச்சு பூசும் முன்பு பக்கத்தில் நின்று அந்த இடைவெளியை நீங்களே பாருங்கள்.

இதெல்லாம் இருக்கட்டும், இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டுமே, உடனே என்ன செய்வது?

பழைய துண்டை இறுக்கமாக உருட்டிக் கதவின் அடி விளிம்பில் ஜன்னல் திட்டின் மேல் வையுங்கள். மற்ற இடுக்குகளில் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுங்கள், அது தடம் இல்லாமல் உரியும். திரைக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். கட்டிலை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, தலைமாடு உள்சுவர்ப் பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். குழந்தையோ வயதானவரோ படுக்கும் அறையில் இதை முதலில் செய்யுங்கள்.